ஒத்தவிளையில் இறங்கிய நிழல்

சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ரயில் எங்கள் ஒத்தவிளையை வழக்கம்போல நிற்காமல் கடந்து போனது, ஆனால் அதன் நிழல் போகவில்லை. எஞ்சினும் பெட்டிகளும் பனைகளுக்கு அப்பால் மறைந்து, ஹாரன் சத்தம் அடங்கி, தண்டவாளம் வெயிலில் மினுங்கத் தொடங்கிய பிறகும், அதற்கு மேற்கே இருந்த செம்மண் பொட்டலில் எஞ்சினின் நிழலும் பெட்டிகளின் நிழலும் வரிசை கலையாமல் கிடந்தன. நிழல் இல்லாத ரயில் திருநெல்வேலிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டோம்.

முதலில் பார்த்தவை ஆடுகள். உடைமரத்தடியில் ஒண்டிக் கிடந்த ஆடுகள் ஒவ்வொன்றாக எழுந்து போய் அந்த நிழலில் படுத்து அசைபோட்டன. ஆடுகளைத் தேடிப் போனவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களைத் தேடிப் போனவர்களும் உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் பாதி ஊர் அங்கே இருந்தது. சூரியன் உச்சிக்கு ஏறியும் நிழல் குறுகவில்லை, மேற்கே சாய்ந்தும் நிழல் கிழக்கே திரும்பவில்லை, காலையில் விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. உள்ளே கிணற்றடிக் குளிர்ச்சி. மண்ணுக்குள் மெல்லிய ஆட்டம் ஒன்று இருந்தது, அதனால் தொட்டில் இல்லாமலே பிள்ளைகள் தூங்கின. ஊர்த்தலைவர் முத்துமாலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை நடந்து பார்த்துவிட்டு வந்து, "நின்னுட்டுல்லா," என்றார். "ஒருவழியா நின்னுட்டுல்லா!" அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒன்றுக்குக் காத்திருந்தவர்களுக்கு, அது வந்தால் எப்படி வந்தது என்று விசாரிக்கத் தோன்றாது.

காத்திருந்த கதையைச் சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தண்டவாளம் போட வந்த வெள்ளைக்காரத் துரை முதலில் கூடாரம் அடித்தது எங்கள் ஊரில்தான். ஸ்டேஷனை இங்கேயே கட்டலாம் என்று அவர் சொன்னபோது எங்கள் முன்னோர்கள் கூடிப் பேசி, எஞ்சின் நின்றால் புகை நிற்கும், புகை நின்றால் பாளையில் இறங்கும், பாளையில் இறங்கினால் பதநீர் புளிக்கும், ஆகவே ரயில் வரட்டும், ஆனால் எந்தக் காலத்திலும் எங்கள் ஊரில் நிற்கவே கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்கள். துரை வாக்குக் கொடுத்தார். அவர் வாக்குத் தவறாதவராக அமைந்தது எங்கள் போதாத காலம். கரி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்தது, துரைமார் போய் நம்மவர்கள் வந்தார்கள், வாக்கு மட்டும் அசையவில்லை. மனு கொடுத்துப் பார்த்தோம், மறியல் செய்தும் பார்த்தோம், "உங்க ஊர்க்காரங்க கேட்டுக்கிட்டபடிதானே நடக்கு?" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஸ்டேஷன் தெற்கே பக்கத்து ஊருக்குப் போனது, வேம்படிக்குடியிருப்புக்கு. அந்த ஊரின் பெயரை முழுதாகச் சொல்ல எங்களுக்கு நாக்கு வளையாது, குடியிருப்பு என்று மட்டும் சொல்வோம். அங்கே எங்களைவிட நல்ல கிணறு இல்லை, எங்களைவிட நல்ல பனை இல்லை, எங்கள் பெண்களைவிட நிறமான பெண் ஒருத்தி இல்லை, ஆனால் ரயில் நின்றது. ரயில் நின்றதால் டீக்கடை வந்தது, டீக்கடை வந்ததால் பேப்பர் வந்தது, பிறகு பேங்கும் பெரிய பள்ளிக்கூடமும் வந்தன. அவர்கள் ஊர் நாய்கள்கூட ரயில் நேரத்துக்கு எழுந்து சோம்பல் முறிப்பதாகக் கேள்விப்பட்டு வயிறெரிந்தோம். எங்கள் முருங்கைக்காயை நாங்களே தலையில் சுமந்து சுடுமணலில் நடந்து போய் அவர்கள் பிளாட்பாரத்தில் ஏற்றினோம், ஏற்றும்போது அவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் கால்களைப் பார்த்தார்கள். பொறாமை கெட்ட குணம் என்று மற்ற ஊர்களில் சொல்லிக்கொடுப்பார்களாம். எங்கள் ஊரில் அது தாய்ப்பாலோடு வந்தது.

அந்தப் பொறாமையில் எங்கள் பெரியவர்கள் ஒரு கட்டு வைத்தார்கள். குடியிருப்புக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண் திரும்ப ஒத்தவிளை மண்ணை மிதிக்கக் கூடாது. தாய் செத்தாலும் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் அழ வேண்டும். இதற்காக யாரும் பெண் கொடுக்காமல் இருந்தார்களா என்றால் இல்லை. அழுதுகொண்டே கொடுத்தார்கள், ரயில் நிற்கிற ஊர் அல்லவா. கட்டை அவிழ்க்க ஒரே ஒரு வழி வைத்திருந்தார்கள். பிறந்த வீட்டுக்காரி ஊரார் பார்க்க எல்லைக்கல்லில் நின்று, "ஒன் ஊரு பெருசு, ஒன் வீடு பெருசு, வா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்படி ஒரு வார்த்தை ஒத்தவிளைக்காரி வாயிலிருந்து வருவதற்கு ரயிலே நின்றுவிடலாம். இதுவரைக்கும் ஒருத்தியும் கூப்பிட்டதில்லை.

இனிப் பட்டுக்கனியின் சங்கதிக்கு வருகிறேன். எங்கள் எல்லோருக்கும் இருந்த பொறாமையைப் பெரிய பானையில் போட்டுக் காய்ச்சிப் பாகாக இறக்கினால் அதுதான் பட்டுக்கனி. குடியிருப்பு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் ஏஜெண்டு வைகுண்டத்துக்கு முதலில் பேசியது அவளைத்தான். ஆண்பிள்ளை இல்லாத அவள் அப்பா, மூத்தவள் கெட்டிக்காரி, முருங்கைத் தோட்டத்தையும் வீட்டையும் பார்த்துக்கொள்வாள், இளையவளை அனுப்புவோம் என்று கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார். தங்கை செந்தூர்க்கனி ஸ்டேஷன் ஊருக்குப் போனாள். பட்டுக்கனிக்கு உள்ளூர் சுயம்பு மாப்பிள்ளையாக வந்தான், பனையேறி, நல்ல மனிதன், அதிகம் பேசமாட்டான். அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தன, தோட்டம் காய்த்தது, அப்பா காலமானார், வீடு அவள் பெயருக்கு வந்தது. எது வந்தும் அவள் வயிறு ஆறவில்லை.

ஆற விட்டால்தானே. செவ்வாய்க்கிழமை தோறும் செந்தூர்க்கனி காலை ரயிலில் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்து எங்கள் ஊரைக் கடந்து போவாள். பட்டுக்கனியின் வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில், முற்றத்திலிருந்து பார்த்தால் பெட்டிக்குள் இருப்பவர்களின் மூக்குத்தி தெரியும். தங்கை தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டுவாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திருப்புவதற்குள் என்ன சேலை, என்ன வளையல் என்று ஒன்றுவிடாமல் பார்த்துவிடுவாள். "ஏஜெண்டு பொண்டாட்டின்னா டிக்கெட்டு கெடையாது. வாரம் தவறாம டவுனுக்குப் போயி சினிமா பாத்து, அல்வா தின்னுட்டு வாரா. நான் இங்க முருங்கைக்காய் கட்டுதேன்," என்று சுயம்புவிடம் சொல்லுவாள். சுயம்பு, "ஒனக்கு அல்வா வேணுமாளா?" என்று கேட்பான். அன்றைக்கு முழுவதும் அவனுக்குச் சோறு கிடைக்காது.

நிழல் இறங்கியது செவ்வாய்க்கிழமை என்று சொன்னேன் அல்லவா. பெட்டிகளின் நிழலுக்கு நடுவே சன்னல் சன்னலாக வெயில் கட்டம் கட்டிக் கிடந்தது, கட்டத்துக்குள் தலைகள் தெரிந்தன. ரயிலின் நிழலோடு ரயிலில் இருந்தவர்களின் நிழலும் இறங்கிவிட்டிருந்தது. தொப்பை வைத்த ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், ஒருவர் பேப்பர் படித்தார், ஒரு கைக்குழந்தை யாருடைய தோளிலோ துள்ளிக்கொண்டிருந்தது. மூன்றாவது பெட்டியின் ஒரு சன்னலில், கொண்டையில் பூச்சரம் தொங்க, ஒரு கை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. பட்டுக்கனி வந்து பார்த்தாள். நாங்கள் அவள் முகத்தைப் பார்த்தோம். அவ்வளவு சந்தோஷத்தை நாங்கள் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

உடனே ஒரு பிரச்சினை வந்தது. கட்டுப்படி செந்தூர்க்கனி இந்த மண்ணை மிதிக்கக் கூடாது, இப்போது அவள் நிழல் மண்ணில் கிடக்கிறதே, கட்டு மீறியதாகுமா ஆகாதா? ஊர்க்கூட்டம் எஞ்சின் நிழலில் கூடியது. ஒரு சாரார் குற்றம் என்றார்கள், இன்னொரு சாரார் அதெப்படி என்றார்கள், முத்துமாலை எழுந்து போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். "சன்னலுக்கு மேலதான் நெழலு விழுந்திருக்கு, காலு விழல. காலே இல்லாம எப்படிவே மிதிக்க முடியும்?" எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அதன் பிறகு பெட்டிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொண்டோம். எஞ்சினைக் கோயிலுக்கு விட்டோம், கடைசிப் பெட்டி முருங்கைக்காய் வாடாமல் அடுக்கி வைக்க என்று ஆனது. மூன்றாவது பெட்டியைப் பட்டுக்கனி யாருக்கும் விடவில்லை. காலையில் காய் கட்டும் நாரும் கத்தியுமாக வந்து தங்கையின் கொண்டைமேல் சப்பணமிட்டு உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுந்திருப்பாள்.

இதுவரை எங்களைப் பார்த்தே இராத குடியிருப்புக்காரர்கள் இப்போது எங்களைப் பார்த்தார்கள். அந்த இன்பத்தை எப்படிச் சொல்வேன்! நிழல் இல்லாத ரயில் திரும்பி வந்து அவர்கள் பிளாட்பாரத்தில் நின்றபோது அம்மணமாக நிற்பது போல இருந்ததாம், பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்களாம். எங்களுக்கு நிழல் கிடைத்தது பொறுக்காமல் அவர்கள் தங்கள் கோயில் தேரை நடுவெயிலில் இழுத்து நிறுத்தி, பிறகு சட்டென்று கொட்டகைக்குள் தள்ளிப் பார்த்தார்கள். தேரோடு அதன் நிழலும் உள்ளே போய்விட்டது. லாரியை வைத்துப் பார்த்தார்கள், கரும்பு ஏற்றிய டிராக்டரை வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் அந்த நிழல் ரயில்வே சொத்து, ஸ்டேஷன் உள்ள ஊரில்தான் இருக்க வேண்டும் என்று புகார் கொடுத்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரி டேப்பை நீட்டி அளந்தார், கையில் அள்ளிப் பார்த்தார், வெறும் மணல்தான் வந்தது. பிறகு இரண்டாவது பெட்டியில் உட்கார்ந்து சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தவர் உண்ட களைப்பில் சாயங்காலம் வரை தூங்கிவிட்டு, இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிப் போனார்.

நிழலைத் தொலைத்தவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். நிழல் இல்லாமல் போனால் உடம்பு காந்தும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சூடு உள்ளே போகும், வெளியே வர வழி இல்லாமல் அங்கேயே தங்கிவிடும். முதலில் தொப்பைக்காரர் வந்தார், தன் சன்னல் கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதில் உட்கார்ந்து எழுந்தார், நிழலும் கூடவே எழுந்து அவர் காலடியில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் வைத்தியம். பேப்பர் படித்தவர் வந்து மடித்த பேப்பரோடு தன் நிழலை எடுத்துப் போனார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டியிலிருந்து ஒரு குடும்பமே வந்தது. குடியிருப்பு ஆண்களும் வந்தார்கள், அவர்களுக்குக் கட்டு இல்லை. நாங்கள் பெட்டி வாசலில் நின்று எங்கள் பங்குக்கு அவர்கள் கால்களைப் பார்த்தோம். வந்தவர்களுக்கு விற்க நாங்களும் டீக்கடை போட்டோம். ஒவ்வொரு சன்னலாகக் காலியாகி, கடைசியில் ஒரே ஒரு கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

செந்தூர்க்கனி வர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லைக்கல்லில் பட்டுக்கனி நின்று கூப்பிட்டால் வரலாம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சுயம்புதான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஏளா, ஒன் கூடப்பொறந்தவ. கூப்புட்டுருளா."

"என்னன்னு கூப்புட? அவ ஊரு பெருசு, அவ வீடு பெருசுன்னா? அதை நான் சொல்லணுமா? எனக்குப் பாத்த மாப்பிள்ளையக் கெட்டிக்கிட்டுப் போனாளே, அவகிட்டயா?"

"அவளா கேட்டா? ஒங்கப்பால்லா குடுத்தாரு."

"வேண்டாம்னு சொல்லிருக்கலாம்லா? சொன்னாளா?" என்றாள் பட்டுக்கனி. "வெயில் அடிக்கட்டும். நான் எம்புட்டு வெயில்ல நடந்திருக்கேன்."

நாங்கள் யாரும் அவளை வற்புறுத்தவில்லை. குடியிருப்பு டிக்கெட் ஏஜெண்டு பெண்டாட்டியின் நிழல் எங்கள் ஊர் மண்ணில் கிடந்து கையாட்டிக்கொண்டிருப்பது எங்களுக்கும் தித்திப்பாகத்தான் இருந்தது.

செய்தி கொண்டுவந்தது மீன்காரி ஞானப்பூ. இரண்டு ஊர்களுக்கும் மீன் விற்கிறவள், இரண்டு ஊர்ச் சங்கதிகளும் அவள் கூடையில்தான் வரும். மூன்றாவது பெட்டி ஓரத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஒன் தங்கச்சிக்கு ரொம்ப முடியலக்கா. ஆனா என்ன குடுத்து வச்சவ! ஏஜெண்டு டூட்டிக்கே போறதில்ல பாத்துக்கோ. பக்கத்துலயே உக்காந்து பனையோலை விசிறி வச்சு விசுறுதாரு."

பட்டுக்கனியின் கை நாரில் நின்றது. "விசுறுதாரா? அவரா?"

"ராவும் பகலும்! ஊர்ச்சனம் எளநி கொண்டாந்து குவிச்சுப் போட்டிருக்கு, வாசல்ல நடக்க எடமில்ல. டவுன்லருந்து டாக்டரு கார்ல வாராரு. பேப்பர்க்காரன் வேற போட்டோ பிடிச்சுட்டுப் போனான், நெழலில்லாத பொம்பளன்னு. ஜில்லா முழுக்க அவ பேச்சுதான்."

"நெழலைத் தொலைச்சதுலயும் அவளுக்குத்தான் பேரு," என்றாள் பட்டுக்கனி. அன்று மீன் வாங்கவில்லை.

அடுத்த நாள் ஞானப்பூ வந்து, சீக்காளிக்கு ஏஜெண்டு பன்னீரில் கால் கழுவி விடுவதாகச் சொன்னாள். அதற்கு மறுநாள், செந்தூர்க்கனி பேருக்குக் கோயிலில் கொடை போட்டிருப்பதாகவும் மேளம் வைத்து அழைத்துப்போய் அவளை முதல் வரிசையில் உட்கார வைத்ததாகவும் சொன்னாள். பட்டுக்கனிக்குச் சோறு இறங்கவில்லை. தங்கையின் நிழல்மேல் உட்கார்ந்திருந்தாலும் அதன் குளிர்ச்சி அவளுக்கு ஏறவில்லை, நிழலுக்குள்ளேயே வேர்த்துக் கொட்டியது. தனக்கு அடிவயிறு வலித்து நாலு நாள் படுத்துக் கிடந்தபோது யார் விசிறினார்கள் என்று சுயம்புவைக் கேட்டாள். கஷாயம் வைத்துக் கொடுத்தேனே என்றான் அவன். கஷாயம் ஒரு பெரிய காரியமா, மேளம் வைத்தாயா என்று கேட்டு அழுதாள். தான் கூப்பிடாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் தங்கை அங்கே மகாராணி ஆகிக்கொண்டே போகிறாள் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அவளை மறுபடி சாதாரண மனுஷி ஆக்குவதற்கு ஒரே வழி, அவள் நிழலை அவள் கையில் கொடுத்துத் தொலைப்பதுதான்.

மறுநாள் காலை பட்டுக்கனி தலையைக்கூடச் சீவாமல் எல்லைக்கல்லை நோக்கி நடந்தாள். செய்தி அவளுக்கு முன்னால் ஓடியது, நிழலில் இருந்தவர்கள் எழுந்து பின்னால் போனோம். அந்தப் பக்கம் குடியிருப்புக்காரர்களும் திரண்டுவிட்டார்கள். கல்லில் ஏறி நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சண்டைக்குக் கூப்பிடுகிற குரலில் அவள் கத்தினாள்:

"ஏட்டி செந்தூர்க்கனி! ஒன் ஊரு பெருசு! ஒன் வீடு பெருசு! வந்து ஒன் சவத்து நெழலை எடுத்துட்டுப் போட்டி!"

எங்கள் ஊரில் அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. முத்துமாலை கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் காதுகளில் ஈயம் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது.

மேளம் வரும், கார் வரும், விசிறியோடு ஏஜெண்டு வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. கூட்டம் விலக, செந்தூர்க்கனி தனியாக நடந்து வந்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. கொண்டை இல்லை, பூ இல்லை, ஈரச் சேலை உடம்பிலேயே காய்ந்து சுருங்கியிருந்தது, முதுகெல்லாம் வேர்க்குரு, உதடு வெடித்திருந்தது. ஏறுவெயிலில் காலடியில் ஒரு கறுப்பும் இல்லாமல், மணலுக்கு மேல் மிதக்கிற மாதிரி வந்தாள். கல்லைத் தாண்டி எங்கள் மண்ணில் கால் வைத்தாள். அக்காவைத் தாண்டி, எங்களைத் தாண்டி, நேரே மூன்றாவது பெட்டிக்குப் போய், ஆடுகிற கைக்குக் கீழே உட்கார்ந்தாள். பட்டுக்கனி பின்னாலேயே போனாள்.



"நீ வந்து கூப்புடுவேன்னு தெரியும்க்கா," என்றாள் செந்தூர்க்கனி.

"ஒனக்காக ஒண்ணும் கூப்புடல."

"அதுவும் தெரியும்." அவள் சிரிக்கப் பார்த்தாள், உதட்டில் ரத்தம் வந்தது. "ஞானப்பூகிட்ட நாந்தான் சொல்லிவிட்டேன். விசிறி, எளநி, பேப்பர்க்காரன், எல்லாம். நான் சாகக் கெடக்கேன்னு சொன்னா நீ வரமாட்ட. நான் நல்லா இருக்கேன்னு சொன்னா நீ பொறுக்கமாட்ட."

"அப்ப விசிறி?" என்றாள் பட்டுக்கனி.

"ஒருத்தரும் விசுறலக்கா. நெழலில்லாத பொம்பள ஸ்டேஷன் பக்கம் வந்தா சனம் டிக்கெட் எடுக்காதுன்னு அவரு என்னைப் பின்கட்டுல போட்டுட்டாரு. தொட்டித் தண்ணிய நானே மோந்து ஊத்திக்கிட்டுக் கெடந்தேன்."

"செவ்வாய்க்கெழம செவ்வாய்க்கெழம டவுனுக்குப் போவியே," என்றாள் பட்டுக்கனி. "சினிமாவுக்கு..."

"எந்தச் சினிமா? அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி எதிர்வண்டியில திரும்பிருவேன். இந்த மண்ண மிதிக்கத்தான் கூடாது, பாக்கக் கூடாதுன்னு இல்லியே. ஒன் முத்தத்துல என்ன காயுது, புள்ளைக எம்புட்டு வளந்திருக்கு, அப்பா வச்ச முருங்கை நிக்குதான்னு பாப்பேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிடுவ. வீடும் புள்ளையும் தோட்டமும் எல்லாம் இவளுக்கே குடுத்துட்டாரே அப்பான்னு அடுத்த செவ்வாய்க்கெழம வரைக்கும் வயிறு எரிஞ்சு கெடப்பேன்."

தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள், இத்தனை வருஷமும், வாரம் தவறாமல், ரயிலேறி வந்து பொறாமைப்பட்டிருக்கிறாள். பட்டுக்கனி முகத்தில் முதலில் வந்தது பெருமைதான், நாங்கள் பார்த்தோம், பொய் சொல்ல மாட்டோம். அதன் பின்னால் வேறொன்று வந்து முகத்தை அப்படியே கசக்கிப் போட்டது. "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னட்டி!" என்று தங்கையின் தோளில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அடித்த கை சுட்டது. உடனே குனிந்து அவள் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். செந்தூர்க்கனி எழுந்தாள். மண்ணில் ஆடிக்கொண்டிருந்த கை நின்றது, பூச்சரத்தோடு நிழல் எழுந்து அவள் காலடியில் வந்து சேர்ந்தது.

கடைசிப் பயணியும் இறங்கிவிட்டதால் ரயிலின் நிழலுக்கு அங்கே இனி வேலை இல்லை போலும். எஞ்சின் முதலில் அசைந்தது, பிறகு பெட்டிகள். ஆடுகள் பதறி எழுந்தன, அடுக்கி வைத்திருந்த முருங்கைக்காய் வெயிலுக்கு வந்தது, தூங்கிய பிள்ளைகள் ஒரே நேரத்தில் வீரிட்டன. சத்தம் இல்லாமல் செம்மண்ணின் மேல் வழுக்கிக்கொண்டு, வடக்கே பனைகளின் நிழல்களை உரசியபடி, அது தன் ரயிலைத் தேடிப் போயே போய்விட்டது. நாங்கள் பின்னால் ஓடினோம், முத்துமாலை துண்டை வீசிக்கொண்டு ஓடினார். நிற்கவில்லை.

ஓடிக் களைத்துத் திரும்பியவர்கள் நேரே பட்டுக்கனி வீட்டுக்குப் போனோம், இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று. ஒருத்தியின் நிழலுக்காக ஓர் ஊரின் நிழலைத் தொலைத்தாயே, நீ விளங்குவாயா என்று கேட்க வாசலில் கூடினோம். உள்ளே அக்காளும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வைகுண்டம் உனக்கு வாய்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று இளையவள் கத்தினாள், அந்த ஆளின் முழியே சரியில்லை என்று நான் அப்போதே நினைத்தேன் என்று மூத்தவள் கத்தினாள். பொய், நீ ஒரு வாரம் அழுதாய் என்றாள் தங்கை. அழுதால் என்ன, அதற்காக நீ கட்டிக்கொண்டு போவாயா என்றாள் அக்கா. கத்திக்கொண்டே பட்டுக்கனி மீனில் முள் எடுத்து எடுத்துத் தங்கையின் தட்டில் வைத்தாள், தங்கை கத்திக்கொண்டே தின்றாள், சுயம்பு இருவருக்கும் நடுவில் தண்ணீர்ச் செம்போடு நின்றான். குடியிருப்புக்குத் திரும்பிப் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை. "அந்தப் பெரிய மீன் துண்ட வச்சிருக்கல்லா, அத எனக்குத் தா," என்று செந்தூர்க்கனி கேட்க, ஏற்கெனவே எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டவளுக்கு இதுவும் வேணுமா என்று திட்டியபடி பட்டுக்கனி அதையும் எடுத்து வைத்தாள்.

வாசலில் நின்ற எங்களுக்குக் கேட்க வந்தது மறந்துவிட்டது. குடியிருப்புக்குப் போன தங்கை எங்களில் பல பேருக்கு உண்டு, மகளும் உண்டு, யார் யாருக்கு முள் எடுத்துப் போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று ஒவ்வொருத்தியும் நினைத்தோம். அதுவரை குடியிருப்பைப் பார்த்துத்தான் எங்கள் வயிறு எரிந்திருக்கிறது. அன்று பட்டுக்கனியைப் பார்த்து எரிந்தது. அவளுக்கு மட்டும் என்ன?

மறுநாள் பொழுது விடிந்து பார்த்தால் எல்லைக்கல்லைச் சுற்றி ஒத்தவிளைப் பெண்கள் அத்தனை பேரும் நின்றோம். ஒன் ஊரு பெருசு, ஒன் வீடு பெருசு என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினோம், யார் குரலும் யாருக்கும் கேட்கவில்லை, கல்லில் முதலில் யார் ஏறிக் கூப்பிடுவது என்று அங்கேயும் பெரிய சண்டையாகிவிட்டது.